அழித்த பிரதியும் எழுதிய நாவலும்

நாவல் எழுதப் புகுந்தவர் பாதி வழியிலே நின்றுவிடுவது இலக்கிய வரலாற்றிற் புதுமையன்று. முதல் ஐம்பது பக்கங்கள் ஓடிவரும். பின்னர் ஒரு நாள் பேனா நிற்கும். நாட்கள் வாரங்களாகும், வாரங்கள் மாதங்களாகும், கையெழுத்துப் பிரதி பெட்டிக்குள் உறங்கும். இந்நிலைக்கு இருவகை விளக்கங்கள் வழங்கிவருகின்றன. கலைமகளின் அருள் வற்றிவிட்டது என்பது ஒன்று. எழுத்தாளனின் உள்ளத்திலே நோய் புகுந்துவிட்டது என்பது மற்றொன்று. முன்னது பழையது, பின்னது புதியது. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எட்மண்ட் பெர்க்லர் என்னும் உளப்பகுப்பாய்வாளர் 1947ஆம் ஆண்டளவில் இந்நோய்க்குத் தனிப்பெயரும் சூட்டினார். அதன் வேரை எழுத்தாளனின் குழந்தைப் பருவத்திலே தேடினார்.

அருள் என்போரும் நோய் என்போரும் ஓரிடத்திற் சந்திக்கின்றனர். இருசாராருமே எழுத்தாளனை நான்கு சுவர்களுக்குள்ளே தனியே இருத்திவைத்து ஆராய்கின்றனர். அவன் எதைப் பற்றி எழுத முனைந்தான், யாரைப் பற்றி எழுத முனைந்தான், அம்மக்களை அவன் எவ்வளவு அறிந்திருந்தான், எழுதுவதற்கான காலத்தை அவனுக்கு யார் கொடுத்தார் என்னும் வினாக்கள் அவர்களது ஆராய்ச்சியில் இடம்பெறுவதில்லை. மனச்சோர்வு பொய் என்று நாம் கூற வரவில்லை. அது மெய், அதை அனுபவித்தவனுக்கு அது கொடியதுமாகும். ஆயினும் அச்சோர்வுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நாள்வாரியாக அறியக்கூடிய ஓர் அரிய சந்தர்ப்பத்தை அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்டைன்பெக் நமக்கு விட்டுச்சென்றிருக்கிறார். 1938ஆம் ஆண்டு 'கோபத்தின் திராட்சைகள்' என்ற நாவலை எழுதிய காலத்தில், நாவலோடு நாவலாக அவர் ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். ரொபேட் டிமொட் என்னும் ஆய்வாளர் பதிப்பித்த அந்நாட்குறிப்பு 1989இல் நூலாக வெளிவந்தது. அதையும் அக்காலக் கடிதங்களையும் சேர்த்து நோக்கும்போது, ஒரு பேனா எவ்வாறு நின்றது, எவ்வாறு மீண்டும் ஓடியது என்பது நமக்குத் தெளிவாகின்றது.

ஸ்டைன்பெக் 1902இல் கலிபோர்னியாவின் சலினாஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். தாயார் ஆசிரியையாக இருந்தவர். தந்தையார் மொண்டரே மாவட்டத்தின் பொருளாளராகப் பணியாற்றியவர். சலினாஸ் பள்ளத்தாக்கு வளமான பூமி. ஆனால் அவ்வளத்தை விளைவித்தவர்கள் அதற்கு உரிமையாளர்கள் அல்லர். கலிபோர்னியாவின் விவசாயம் சிறு கமக்காரனின் விவசாயம் அன்று. அது தொழிற்சாலையை ஒத்த பெருநில விவசாயம். பழம் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் சில வாரங்களுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. அறுவடை முடிந்ததும் அக்கைகள் மறைந்துவிட வேண்டும் என்று நிலவுடைமையாளர் விரும்பினர். சீனர், ஜப்பானியர், மெக்சிக்கர், பிலிப்பைனர் என்று ஒரு கூட்டத்தாரின் பின் இன்னொரு கூட்டத்தார் அவ்வேலைக்கு வந்தனர். ஒரு கூட்டத்தார் கூலி உயர்வு கேட்கத் தொடங்கியதும் அவர்களை விரட்டிவிட்டு அடுத்த கூட்டத்தாரைக் கொணர்வதே அங்கு நிலவிய பொருளாதார நியதி.

1930களில் இவ்வரிசையிலே புதியவர்கள் வந்து சேர்ந்தனர். ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சோ, மிசூரி ஆகிய மாநிலங்களில் வரட்சியும் புழுதிப் புயலும் பயிர்களை அழித்தன. பருத்தியின் விலை வீழ்ந்தது. வங்கிகள் கடனுக்காக நிலத்தை எடுத்துக்கொண்டன. ஒரு உழவு இயந்திரம் பல குத்தகைக் குடும்பங்களின் இடத்தைப் பிடித்தது. மூன்று இலட்சம் அளவிலான மக்கள் அத்தசாப்தத்திற் கலிபோர்னியாவை நோக்கிப் பெயர்ந்தனர். வந்தவர்களை உள்ளூரார் 'ஓக்கி' என்று இழிவாக அழைத்தனர். வாய்க்கால் ஓரங்களிலே தகரத்தாலும் கடதாசி மட்டையாலும் குடில் அமைத்து அவர்கள் வாழ்ந்தனர்.

1936ஆம் ஆண்டு கோடையில் 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' என்னும் பத்திரிகை இம்மக்களைப் பற்றி எழுதும் பொறுப்பை ஸ்டைன்பெக்கிடம் ஒப்படைத்தது. பாண் விற்கும் பழைய வண்டியொன்றை வாங்கிக்கொண்டு அவர் புறப்பட்டார். ஆர்வின் என்ற இடத்துக்கு அருகே கூட்டாட்சி அரசாங்கம் அமைத்திருந்த முகாமிலே டொம் கொலின்ஸ் என்பவரைச் சந்தித்தார். முகாம் அதிகாரியான கொலின்ஸ் சாதாரண உத்தியோகத்தர் அல்லர். முகாமின் நிர்வாகத்தை அங்கு வாழ்ந்த மக்களின் குழுக்களிடமே விட்டவர். அதுமட்டுமன்று, அம்மக்களின் பேச்சு, உணவு, பாட்டு, நோய், கூலி, சண்டை, வேடிக்கை அனைத்தையும் வாரந்தோறும் அறிக்கையாக எழுதிவந்தவர். அவ்வறிக்கைகள் ஸ்டைன்பெக்கின் கைக்கு வந்தன. அவற்றின் துணையுடன் 'அறுவடை நாடோடிகள்' என்ற தலைப்பில் ஏழு கட்டுரைகள் 1936 ஒக்டோபர் 5ஆம் திகதி தொடக்கம் 12ஆம் திகதி வரை வெளிவந்தன.

செய்தி கையில் இருந்தது. கட்டுரையும் எழுதியாயிற்று. அடுத்தது நாவல்தானே என்று நாம் எண்ணலாம். அங்கேதான் தடை தோன்றியது.

1937இன் பிற்பகுதியில் ஒக்லஹோமா மக்களைப் பற்றி ஸ்டைன்பெக் ஒரு நாவலைத் தொடங்கினார். அது நகரவில்லை. கட்டுரைக்குப் போதுமான அறிவு நாவலுக்குப் போதவில்லை. கட்டுரையாசிரியன் ஒரு குடிலின் வாயிலில் நின்று உள்ளே பார்த்து எழுதலாம். நாவலாசிரியன் அக்குடிலுக்குள்ளே உட்கார்ந்து, எஞ்சியிருக்கும் மாவை யாருக்குக் கொடுப்பது என்று அத்தாயோடு சேர்ந்து யோசிக்கவேண்டும். மூன்று இலட்சம் மக்களின் கதையை ஒரு குடும்பத்தின் கதைக்குள் எவ்வாறு அடக்குவது? ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னால் மூன்று இலட்சம் பேரின் கதை மறைந்துபோகாதா? இவ்வினாவுக்கு அப்போது அவரிடம் விடை இருக்கவில்லை.

1938 பெப்ரவரியில் விசேலியாப் பகுதியில் வெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உணவின்றிச் சேற்றிலே சிக்கிக்கொண்டன. ஸ்டைன்பெக் கொலின்சுடன் அங்கு சென்றார். பார்த்து எழுதுவதற்காக மட்டும் செல்லவில்லை. நாட்கணக்காகச் சேற்றில் நின்று உணவும் மருந்தும் கிடைக்க உழைத்தார். புகைப்படக் கலைஞர் ஹொரேஸ் பிரிஸ்டலுடனும் அக்காலத்தில் முகாம்களைச் சுற்றினார். தாம் கண்டதை அவர் எழுதிய கட்டுரை எந்தப் பெரும் சஞ்சிகையிலும் வரவில்லை. 'தோடை மரங்களின் கீழே பட்டினி' என்ற கருத்துப்படும் தலைப்பில், 1938 ஏப்பிரலில், மொண்டரேயின் சிறு பத்திரிகையொன்றிலேயே வெளிவந்தது.

அவ்வேளையில் அவர் உள்ளத்தில் நிறைந்திருந்தது சினம். சினம் வேறொரு நூலைத் தேடியது. 1936 செப்டெம்பரிலே சலினாஸ் நகரில் இலைக்கோசு பொதி செய்யும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, நகரப் பெரியோர் ஆயுதம் தாங்கிய குண்டர்படை திரட்டி அதை முறியடித்திருந்தனர். தமது சொந்த ஊரின் அப்பெரியோரை எள்ளி நகையாடும் நாவலொன்றை அவர் எழுதத் தொடங்கினார். எழுத்து மளமளவென்று ஓடியது. சில மாதங்களுக்குள்ளேயே அறுபதினாயிரம் சொற்களுக்கு மேல் எழுதிமுடித்தார். பதிப்பாளரும் நூலை எதிர்பார்த்து விளம்பரத்துக்கு ஆயத்தமாக இருந்தனர். அப்போது, 1938 மே மாதத்தில், தமது முகவரான எலிசபெத் ஓட்டிசுக்கு அவர் கடிதம் எழுதினார். இந்நூல் வெளிவராது, இது தீய நூல், இதை அழித்துவிடுகிறேன் என்பதே அதன் சாரம். அவ்வாறே அழித்தார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எழுத்துத் தடை என்றவுடன் வெள்ளைத்தாளையும் உலர்ந்த பேனாவையுமே நாம் நினைக்கிறோம். ஸ்டைன்பெக்கின் பேனா உலரவில்லை. அறுபதினாயிரம் சொற்களைப் பொழிந்த பேனா அது. பேனா ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எழுதப்படவேண்டிய நூல் நின்றுகொண்டிருந்தது. சொற்கள் வராமை தடையின் ஒரு வடிவம். பொருந்தாத சொற்கள் பெருகிவருவது அதன் இன்னொரு வடிவம். இரண்டாவதை இனங்காண்பது கடினம். ஏனெனில் அது உழைப்பைப் போலவே தோற்றமளிக்கும்.

அழிக்கப்பட்ட பிரதியை இன்று எவரும் படிக்க முடியாது. ஆயினும் அதை அவர் ஏன் அழித்தார் என்பதைக் கடிதங்கள் கூறுகின்றன. மனிதர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளச் செய்வதே தம் எழுத்தின் நோக்கமாக இருந்தது என்றும், இந்நூலோ அரைகுறை விளக்கத்தின் வழியே வெறுப்பை மூட்டுவதையே நோக்கமாகக் கொண்டது என்றும் அவர் வருந்தினார். இதை வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, எழுத்தாளன் கட்சி சேராது நடுநிலையில் நிற்கவேண்டும் என்பதற்கு இதுவே சான்று' என்று வாதிடச் சிலர் முன்வருவர். அது பொருந்தாது. அதன்பின் அவர் எழுதிய நூல் நடுநிலையான நூலன்று. அழித்த நூலிலும் பார்க்கப் பன்மடங்கு வலிமையுடன் நிலவுடைமையாளரைத் தாக்கிய நூல் அது. வேறுபாடு பக்கச்சார்பில் இல்லை, அறிவில் இருந்தது. கேலிநாவல் ஒடுக்குவோரையே முதன்மையாகப் பார்த்தது. அவர்களை நகையாடுவதற்கு ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை அறியவேண்டிய தேவை இல்லை. பகைவனைத் தெரிந்திருந்தாற் போதும். கேலிச் சித்திரம் வரைந்துவிடலாம். ஆனால் ஒரு பெருநாவலை எழுப்புவதற்குப் பகைவன் மீதுள்ள வெறுப்பு மட்டும் அத்திவாரமாகாது. தான் யார் பக்கம் நிற்கிறானோ அம்மக்களைப் பற்றிய முழுமையான அறிவு வேண்டும். முற்போக்கு இலக்கியம் படைக்க விரும்பும் நாம் ஊன்றிக் கற்கவேண்டிய பாடம் இதுவே.

மே மாதத்தின் நடுப்பகுதியிற் பழைய பிரதி ஒழிந்தது. அம்மாத முடிவுக்குள்ளேயே புதிய நாவல் தொடங்கிவிட்டது. ஒக்டோபர் 26ஆம் திகதி அது முடிந்தது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள். எழுதிய நாட்கள் நூறு அளவில். இரண்டு இலட்சம் சொற்கள் அளவிலான நாவலுக்கு இது மிகக் குறுகிய காலம். இதனைக் கேட்டு, அருள் திரும்பிவந்துவிட்டது என்று கூறுவார் கூறுக. நாட்குறிப்பு காட்டும் காட்சி அதுவன்று.

மே 31 முதல் அவர் எழுதிய அந்நாட்குறிப்பு ஐயங்களின் தொகுப்பு. ஒவ்வொரு நாளும் நாவலைத் தொடுமுன்பாக அதிலே சில வரிகள் எழுதுவார். நேற்று எவ்வளவு எழுதினேன், இன்று எந்தக் கட்டத்தை எழுதவேண்டும், எது தடுக்கிறது, எது அச்சுறுத்துகிறது என்று தம்மோடு தாமே பேசிக்கொள்வார். சோம்பல் என்று தம்மையே கடிந்துகொள்வார். ஓகஸ்ட் மாதத்திலே ஒரு நாள், தாம் எழுத்தாளரே அல்லர் என்றும், தம்மையும் பிறரையும் ஏமாற்றி வந்திருப்பதாகவும் எழுதிவைக்கிறார். அதை எழுதிய பின்னரும் அவர் எழுதுவதை விட்டுவிடவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ஐயம் தீர்ந்த பின்னர் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஐயத்தை நாட்குறிப்பிலே இறக்கிவைத்துவிட்டு நாவலுக்குச் சென்றார். சுமை தூக்குபவன் வழியிலுள்ள சுமைதாங்கியிலே பாரத்தை இறக்கிவைத்து மூச்சு விடுவதைப் போன்றது அது.

அவர் கைக்கொண்ட முறையின் இன்னோர் அம்சம் நாளொன்றுக்கான அளவு. இரண்டாயிரம் சொற்கள் என்பது ஏறத்தாழ அவரது நாட்கூலி. நூல் முழுவதையும் ஒருசேர நினைத்தால் அது மலையாக நின்று மிரட்டும். இன்றைய பங்கை மட்டும் நினைத்தால் அது செய்யக்கூடிய வேலையாகிவிடும். பிற்காலத்திலே, 1962இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலும் இதையே அவர் வற்புறுத்தினார். நூலை முடிக்கப்போகிறோம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுக. நாளுக்கு ஒரு பக்கம் எழுதுக. முழுவதும் தாளில் இறங்கும்வரை திரும்பிப் பார்த்துத் திருத்தாதே என்பது அதன் கருத்து. பழம் பறிப்பவன் தோட்டம் முழுவதையும் நினைத்து மலைப்பதில்லை. கையிலுள்ள கூடையை நிரப்புகிறான். அத்தொழிலாளரைப் பற்றி எழுதிய ஆசிரியர் தமது தொழிலையும் அவ்வாறே செய்தார் எனலாம்.

வெளியுலகம் அவரை நிம்மதியாக விட்டுவைத்ததா? இல்லை. லொஸ் கட்டோசில் அவரிருந்த வீட்டைச் சுற்றிப் புதிய வீடுகள் எழும்பின. சுத்தியல் ஓசையும் வானொலி ஓசையும் அவரது சிறிய எழுத்தறைக்குள் நுழைந்தன. விருந்தினர் வந்தவண்ணம் இருந்தனர். மனைவி கரோல் நோயுற்றுத் தொண்டையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். ஓகஸ்ட் மாதத்தில் அவரது பதிப்பகமான கொவிச்சி-ஃபிரீட் கடனில் மூழ்கி நொடித்துப்போயிற்று. நூலை யார் வெளியிடுவார் என்பதே தெரியாத நிலையில் அவர் நடு நாவலில் நின்றார். பதிப்பாளர் பஸ்கால் கொவிச்சி வைக்கிங் நிறுவனத்திற் சேர்ந்து, ஆசிரியரையும் அங்கு அழைத்துச் சென்ற பின்னரே அக்கவலை தீர்ந்தது. இத்தனைக்கும் நடுவே அன்றன்றைய பக்கங்கள் எழுதப்பட்டன.

ஆயினும் ஒழுங்கு மட்டும் ஒரு நாவலைப் பெற்றுத் தராது. கேலிநாவலையும் அவர் ஒழுங்காகத்தான் எழுதினார். புதிய நாவலை நகர்த்தியது, முன்னர் விடை காணாதிருந்த அவ்வினாவுக்குக் கிடைத்த விடை. முப்பது அத்தியாயங்கள் கொண்ட அந்நாவலில் ஜோட் குடும்பத்தின் கதை ஓர் அத்தியாயத்திற் செல்லும். அதன் அருகிலே, பெயரற்ற மக்கள் திரளைப் பற்றிய சிறிய அத்தியாயம் ஒன்று வரும். ஒன்றிலே ஒரு குடும்பம் பழைய வண்டியொன்றை வாங்கும். மற்றொன்றிலே வண்டி வியாபாரிகள் ஆயிரம் குடும்பங்களை ஏமாற்றுவர். குடும்பமும் திரளும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒன்றையொன்று விளக்கின. மூன்று இலட்சம் பேரையும் ஒரு குடும்பத்தையும் ஒரே நூலுக்குள் வைத்திருக்கும் வடிவம் கிடைத்துவிட்டது. அது வெறும் உத்தி அன்று. தனிமனிதனின் துன்பம் ஒரு சமுதாய அமைப்பின் விளைவு என்ற உண்மையை ஆசிரியர் விளங்கிக்கொண்டதன் கலைவடிவம் அது. உள்ளடக்கம் தெளிந்தபோது உருவம் பிறந்தது. உருவம் பிறந்தபோது தடை நீங்கியது.

அத்தெளிவும் அவர் தனியாகப் பெற்றதன்று. கொலின்சின் அறிக்கைகள் இல்லையேல் அரசாங்க முகாமைச் சித்திரிக்கும் பகுதிகள் இல்லை. கரோலின் உழைப்பு இல்லையேல் நூலே இல்லை. கணவர் நுண்ணிய எழுத்தில் எழுதிக் குவித்த பக்கங்களை அவரே தட்டச்சுச் செய்தார், திருத்தங்கள் கூறினார், செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பாடல் ஒன்றிலிருந்து நூலின் பெயரையும் அவரே எடுத்துக் கொடுத்தார். நூலின் காணிக்கைப் பக்கத்திலே கரோல், டொம் ஆகிய இருவரின் பெயர்களும் இருக்கின்றன. தனியறையில் ஒரு மேதை தன் உள்ளத்தோடு போராடி வென்றான் என்ற கதை இங்கே பொருந்தாது. பலர் சேர்ந்து தூக்கிய பாரத்தின் மீது ஒருவர் பெயர் பொறிக்கப்பட்டது என்பதே வரலாறு.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். நூறு நாட்களை ஒரே நூலுக்கு ஒதுக்க அவரால் எவ்வாறு முடிந்தது? 1937இல் வெளிவந்த 'எலிகளும் மனிதரும்' நன்கு விற்பனையாகியது. அதே ஆண்டு நியூயோர்க்கில் நாடகமாகவும் மேடையேறியது. அவ்வருமானமே அவருக்குக் காலத்தை வாங்கிக் கொடுத்தது. பகல் முழுவதும் வகுப்பில் நின்று, மாலையிற் கொப்பிகளைத் திருத்தி, இரவு பத்து மணிக்குத் தன் நாவலின் முன் உட்காரும் ஆசிரியன் எழுதாமற் போனால், அதற்குக் குழந்தைப் பருவத்திலே காரணம் தேடவேண்டியதில்லை. எழுத்துத் தடைகளுள் மிகப் பெரியதும் மிகப் பரவலானதும் ஓய்வின்மையே. அதைப் பற்றி உளப்பகுப்பாய்வாளர் அதிகம் பேசுவதில்லை. ஏனெனில் அதற்கான மருந்து மருத்துவரிடம் இல்லை.

1939 ஏப்பிரல் 14ஆம் திகதி நாவல் வெளிவந்தது. அதற்கு முன்னர், ஜனவரியில், முடிவுக் காட்சியை மாற்றும்படி பதிப்பாளர் வேண்டினார்; ஆசிரியர் மறுத்துவிட்டார். அவ்வாண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான நாவல் அதுவே. பெருநிலவுடைமையாளரின் சங்கம் அதைப் பொய் என்று தூற்றியது. ஜோட் குடும்பம் சென்றடைந்த அதே கெர்ன் மாவட்டத்தின் நிர்வாகசபை, ஓகஸ்ட் மாதத்திலே, நான்குக்கு ஒன்று என்ற வாக்குகளால் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் அதைத் தடைசெய்தது. பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரில் நூல் எரிக்கப்பட்டது. மாவட்ட நூலகர் கிரெச்சன் நீஃப் என்ற பெண்மணி சபைக்கு எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார். 1941 ஜனவரியிலேயே தடை நீங்கியது. 1940இல் நாவலுக்குப் புலிட்சர் பரிசும், 1962இல் ஆசிரியருக்கு நொபெல் பரிசும் கிடைத்தன.

இவ்வெற்றியை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாடும்போதே அதன் குறைகளையும் கூறுவது விமர்சனத்தின் கடமை. கலிபோர்னிய வயல்களிலே நெடுங்காலம் உழைத்தவர்களும் 1933ஆம் ஆண்டுப் பருத்தி வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர்களும் பெரும்பாலும் மெக்சிக்கத் தொழிலாளர். அவர்களும் பிலிப்பைன் தொழிலாளரும் இந்நாவலில் ஏறக்குறைய இல்லை. வெள்ளை இனக் குடும்பம் ஒன்றின் துன்பத்தைக் கண்டபோதே அமெரிக்க வாசகரின் கண் நனைந்தது. ஆசிரியருக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்த கதவன்று.

நாட்குறிப்பு முறையும் மந்திரம் அன்று. 1951இல் 'ஏதேனின் கிழக்கே' என்ற நாவலை எழுதியபோது அவர் மீண்டும் அதைக் கையாண்டார். பெரிய கொப்பியொன்றின் இடப்பக்கத்திலே கொவிச்சிக்கு ஒரு கடிதம், வலப்பக்கத்திலே நாவல். அந்நூலும் முடிந்தது. ஆனால் 1950களின் இறுதியில் ஆர்தர் மன்னன் கதையை இக்கால ஆங்கிலத்தில் எழுத முனைந்து, 1959இல் இங்கிலாந்தின் சமர்செட் பகுதியிற் சென்று தங்கியும், அவரால் அதை முடிக்க இயலவில்லை. 1968இல் அவர் இறந்தபோது அது குறையாகவே இருந்தது. 1976இல் குறைநூலாகவே வெளிவந்தது. எழுதியவர் அவரே, உழைப்பும் குறைவன்று. ஆர்வின் முகாமின் மக்களைப் போலக் கதவைத் தட்டி, 'எங்கள் கதையைச் சொல்' என்று வற்புறுத்துவோர் அம்மன்னனின் அரண்மனையில் இருக்கவில்லை என்று நாம் கருதுகிறோம்.

இறுதியாக, இவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கூறவேண்டும். சனோரா பாப் என்பவர் 1907இல் ஒக்லஹோமாவிற் பிறந்தவர். வரட்சியையும் வறுமையையும் வாழ்ந்து அறிந்தவர். 1938இல் டொம் கொலின்சின் கீழ் முகாம்களிலே தொண்டாற்றினார். கண்டவற்றைக் குறிப்புகளாக எழுதினார். அக்குறிப்புகள் கொலின்சின் வழியாக ஸ்டைன்பெக்கிடம் சென்றன என்று பாப் பின்னாளிற் கூறினார். அவை நாவலுக்கு எவ்வளவு பயன்பட்டன என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அடுத்து நிகழ்ந்ததில் ஐயத்துக்கு இடமில்லை. அதே மக்களைப் பற்றி அவரும் ஒரு நாவல் எழுதினார். ரண்டம் ஹவுஸ் நிறுவனம் அதை வெளியிட விரும்பியது. 'கோபத்தின் திராட்சைகள்' சந்தையை நிறைத்ததும், அதே பொருளில் இன்னொரு நூல் விலைபோகாது என்று கையை விரித்துவிட்டது. 'பெயர் அறியப்படாதவர்கள்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட அந்நாவல் 2004இலேயே அச்சேறியது. பாப் அடுத்த ஆண்டு காலமானார்.

அவருடைய பேனா நிற்கவில்லை. அவர் எழுதவேண்டியதை எழுதியிருந்தார். தடை அவர் உள்ளத்தில் இருக்கவில்லை; சந்தையின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அறுபத்தைந்து ஆண்டுகள் அது நீடித்தது. இன்று எழுத உட்காரும் இளைஞர்களுக்கு நாம் கூறக்கூடியவை சிலவே. பேனா நிற்கும்போது உங்கள் உள்ளத்தை நோவதற்கு முன்னர், நீங்கள் எழுதும் மக்களிடம் மீண்டும் ஒருமுறை சென்று வாருங்கள். பேனா ஓடும்போதும் அது எதை நோக்கி ஓடுகிறது என்று கேளுங்கள். அன்றாடப் பங்கை அன்றே முடியுங்கள். நம் பணி அத்துடன் முடிவதில்லை. எழுதி முடித்த பிரதியுடன் ஏதோ ஒரு வீட்டில் ஒரு சனோரா பாப் காத்திருக்கலாம். அவரைத் தேடிச் சென்று படிப்பதும், பதிப்பிப்பதும், வகுப்பறைக்குக் கொண்டுசெல்வதும் சஞ்சிகை நடத்துவோரும் ஆசிரியரும் வாசகருமாகிய நம் அனைவரின் பொறுப்பாகும்.